சாரத்திலிருந்து இறங்கியவரின் அரைநாள்

பிரிக்பீல்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் அடுக்குமாடி எழும்பும் எந்தத் தளத்திலும் வேலை ஒரு சிறு கூட்டத்தோடுதான் தொடங்கும். தலைக்கவசம் போட்ட முப்பது நாற்பது பேர் அரைவட்டமாக நிற்பார்கள். பாதுகாப்பு மேற்பார்வையாளர் மலாயில் பத்து நிமிடம் பேசுவார்: வார் மாட்டாமல் ஏறாதே, சிவப்புச் சீட்டு தொங்கும் சாரத்தில் கால் வைக்காதே. பிறகு ஒரு தாள் கைமாறி வரும். வங்காளம், நேப்பாளி, தமிழ் என்று பல எழுத்துகளில் அதில் கையெழுத்து விழும். கேட்டார்கள், புரிந்துகொண்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. விபத்து நடந்தால் அலுவலகம் முதலில் தேடுவதும் அந்தத் தாளைத்தான்.

2024 ஜூன் 1 முதல் அந்தத் தொழிலாளர்களுக்குச் சட்டம் இன்னொன்றையும் கொடுத்திருக்கிறது. மலேசியாவின் 1994 தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் புதிதாகச் சேர்ந்த 26ஏ பிரிவு அது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் அதை நீக்காவிட்டால், வேலையை விட்டு விலகி நிற்கலாம். அதற்காகத் தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது. அதே திருத்தத்தில் முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 5,00,000 வெள்ளியாக ஏறியது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் மறுத்துப் பேசினால் பிழைப்பே போய்விடும் நிலையில் இருப்பவர் கையில் மறுக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு, அதையும் ஒரு பாதுகாப்பாகக் கணக்கில் எழுதிக்கொள்வது நியாயமா?

1994 சட்டத்துக்கு இரண்டு வேர்கள். ஒன்று உள்ளூர்த் துயரம்: 1991 மே 7 அன்று சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்னொன்று, 1972-இல் பிரிட்டனில் லார்ட் ராபன்ஸ் தலைமையிலான குழு தந்த அறிக்கை. ஆபத்தை உண்டாக்குபவரும் அதோடு புழங்குபவரும் சேர்ந்தே அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். இதில் உண்மை உண்டு. எந்தக் கட்டு தளர்ந்திருக்கிறது என்பது அதன்மேல் நிற்பவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஆனால் அதே ராபன்ஸ் தேசிய நிலக்கரி வாரியத் தலைவராக இருந்தபோதுதான், 1966-இல் வேல்ஸின் அபர்ஃபான் கிராமப் பள்ளிமீது நிலக்கரிக் கழிவுமேடு சரிந்தது. 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். அந்த மேட்டால் பள்ளிக்கு ஆபத்து என்று ஊரார் சில ஆண்டுகளுக்கு முன்பே எழுதித் தெரிவித்திருந்தார்கள். தெரிந்தவர் சொன்னார், கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

முதலாளி தரப்பையும் தள்ளிவிட முடியாது. நாள் தவறினால் ஒப்பந்தப்படி தண்டம் கட்ட வேண்டும். ஒருவர் இறங்கினால் பின்னால் இருபது பேரின் வேலை நிற்கும். வீண் பயம் எது, உண்மை ஆபத்து எது என்று யார் முடிவுசெய்வது? அதனால்தான் சட்டமும் 'நியாயமான காரணம்' கேட்கிறது. முதலில் முதலாளியிடம் சொல்லச் சொல்கிறது. நிபந்தனை தப்பில்லை. சொல்வதற்கே என்ன விலை என்பதில்தான் சிக்கல்.

அந்த விலை கிள்ளானில் தெரிந்தது. 2020 மே மாதம், டாப் கிளவ் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து நிற்பதை ஒரு நேப்பாளத் தொழிலாளி இரண்டு படங்களாக எடுத்து, தம் நாட்டு உரிமை ஆர்வலர் ஒருவருக்கு அனுப்பினார். செப்டம்பரில் அவருக்கு வேலை போயிற்று. நவம்பரில் அந்நிறுவனத்தின் 28 தொழிற்சாலைகளைக் கட்டம் கட்டமாக மூட அரசு உத்தரவிட்டது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கோவிட் தொற்று உறுதியானது. படங்களை அன்றே கவனித்திருந்தால் தொற்று நின்றிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நெரிசலைக் காட்டியவர் வெளியே போனபின் அந்த நெரிசலைப் பற்றி வாய்திறக்க யார் துணிவார்?

புகார் சொன்னவரை நீக்கக் கூடாது என்று 1994 சட்டத்தின் 27-ஆம் பிரிவு அப்போதே சொல்லியிருந்தது. ஆனால் புகார் 'மட்டுமே' காரணமாக இருந்தால்தான் அது காப்பாற்றும். புகார் சொன்னதற்காக நீக்குகிறோம் என்று எந்த முதலாளியும் கடிதத்தில் எழுதப்போவதில்லை. ஒழுங்கு மீறல் என்று எழுதினால் போதும். வெளிநாட்டுத் தொழிலாளியின் பெர்மிட்டிலோ ஒரே ஒரு முதலாளியின் பெயர்தான் இருக்கும். வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வாங்கியிருந்தால் அது மட்டும் மிஞ்சும்.

இந்த மண்ணில் தமிழர்களுக்கு இது புதிய கதையல்ல. 1941-இல் ஆர்.எச்.நாதன் முன்நின்ற கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வும் மருத்துவ வசதியும் மட்டும் கேட்கப்படவில்லை. துரைமார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். குறை சொல்ல வருபவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் கேட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். அன்று கேட்டதன் ஒரு பங்கு முதலில் 27-ஆம் பிரிவிலும், 83 ஆண்டு கழித்து 26ஏ-விலும் எழுத்தில் வந்திருக்கிறது.

அதனால் உரிமை வேண்டாம் என்று ஆகிவிடாது. அதைப் பயன்படுத்தும் செலவை யார் ஏற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். புகார் சொன்ன சில மாதங்களுக்குள் ஒருவர் நீக்கப்பட்டால், அது பழிவாங்கல் அல்ல என்று நிரூபிக்கும் பாரம் முதலாளியிடம் இருக்கலாம். அப்படி நீக்கப்பட்டவருக்கு வேறு முதலாளியிடம் மாறப் பெர்மிட் இடம் தரலாம். இவை இல்லாதவரை, தெரிந்தும் ஏன் ஏறினாய் என்று அவரைக் கேட்கும் தகுதி நிர்வாகத்துக்குக் குறைவு.

சாரத்தில் ஒரு கட்டு தளர்ந்திருப்பதை ஒருவர் சொல்கிறார், யாரும் வரவில்லை, இறங்கிக் கீழே உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மதியத்துக்குமேல் கட்டு இறுக்கப்படுகிறது. பாதுகாப்புப் பதிவேட்டில் அது நல்ல குறிப்பாகக்கூட ஏறலாம். மாலையில் அன்றைய கணக்கை எழுதும்போது அவர் பெயருக்கு நேரே விழுவது முழுநாளா, அரைநாளா?