மொழி ஒன்றாயிருந்தால் போதுமா?

சென்ற வாரம் மஃரிபுக்குப் பின், கடையில் கூட்டம் ஓய்ந்த நேரம், நமக்குப் பழக்கமான வியாபாரச் சகோதரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். "நானா, செராஸை விட்டுக் கிள்ளானுக்குப் போய்விடலாமென்று பார்க்கிறேன். அங்கே நம் பாஷைக்காரர் அதிகம். இங்கே மலாயும் கான்டனீசும் பேசியே நாக்குத் தேய்ந்துவிட்டது" என்றார்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. அந்த ஆசை நமக்கும் இல்லாமலில்லை. அவ்விரு பாஷைகளையும் நாம் மத்ரஸாவிலா கற்றோம்? விலை பேசிப் பேசி, ஏமாந்து ஏமாந்து கற்றவை அவை.

பாஷைப் பிணக்கினால் ஊர் மாறியோரைப் பற்றிப் பேசும்போது இலங்கையை மறக்க முடியாது. 1956-ல் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்று அங்கே சட்டம் வந்தது. மறு ஆண்டு பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கைவிடப்பட்டது. மே மாதத்தில் கலகம் மூண்டது. கொழும்பில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் பல்லாயிரம் பேர் கப்பலேறி வடக்கே போனார்கள். பலர் பின்பு பிழைப்புக்காகத் திரும்பினார்கள். 1983-ல் மறுபடியும் ஓடினார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல நமக்கு வாய் வராது. பெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருப்பவன் வேறென்ன செய்வான்?

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு முஸ்லிம்கள் வீட்டிலும் கடையிலும் தமிழே பேசியவர்கள். தையலும் நகைத் தொழிலும் இரும்புக்கடையுமாகத் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள். 1990 அக்டோபர் கடைசியில், இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகும்படி விடுதலைப் புலிகள் அவர்களுக்கு உத்தரவிட்டார்கள். பணத்தையும் நகையையும் பறிகொடுத்துவிட்டு, உடுத்த துணியோடு புறப்பட்டார்கள். வடமாகாணம் முழுவதிலும் வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். பெரும்பகுதியினர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். போகச் சொன்னவர்கள் பேசியதும் தமிழ். போனவர்கள் அழுததும் தமிழ்.

ஆகவே நம் பாஷைக்காரர் நடுவே போய்விட்டால் பயமில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள இயலவில்லை. தன்னைப் போலில்லாதவனுக்கும் அவ்வூர் இடம் விடுகிறதா என்றே முதலில் பார்க்கவேண்டும். இந்நாட்டில் 1967-ல் தேசிய மொழிச் சட்டம் வந்தது. ஆயினும் பிற பாஷைகளைப் பேசவும் கற்பிக்கவும் அரசமைப்பில் தடையில்லை. தமிழ்ப் பள்ளிகளும் நடக்கின்றன. குறைகள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குறை வேறு, கப்பலேறுவது வேறு.

இதையெல்லாம் சகோதரரிடம் சொல்லிக்கொண்டிருக்கையில் நமக்கே ஒன்று உறைத்தது. சில நாட்களுக்கு முன் நேப்பாளத் தொழிலாளி ஒருவர் கடைக்கு வந்து, பெயர் தெரியாமல் பருப்பைக் கையால் காட்டிக் கேட்டார். நம் கடைப் பையன் அவரைப்போலவே கையை ஆட்டிச் சிரித்தான். நாமும் அதட்டவில்லை, உள்ளுக்குள் சிரித்தோம் என்றே சொல்லவேண்டும். அவர் வாங்காமலே போய்விட்டார்.

சகோதரர் இன்னும் முடிவு செய்யவில்லை. கிள்ளானில் வாடகை விசாரித்து வந்திருக்கிறார். "அங்கே பாஷை தெரியாத ஆள் கடைக்கு வந்தால் என்ன செய்வீர்?" என்று கேட்டோம். தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே, "முதலில் உம் பையனுக்குச் சொல்லும், நானா" என்றார்.