ஒரு கரண்டி நெய்

“ஒரு கரண்டி நெய்தானே! யாருக்குத் தெரியப் போகிறது?”

நமது வீட்டு அடுக்களையில் எழுந்த கேள்வி இது. கேட்டவர் கெட்டவர் அல்லர். வஞ்சகம் அறியாதவர், விருந்தினர் வயிறார உண்ணவேண்டுமே என்று விடியற்காலை முதல் அடுப்போடு அடுப்பாக வெந்துகொண்டிருந்தவர், நம் அத்தை. கேள்வி எளியது; விடையோ அத்துணை எளியதன்று. தேடப் புகுந்தால், அடுப்பங்கரையில் தொடங்கி அறத்தின் வாயில்வரை அது நம்மை இழுத்துச் செல்கிறது.

விருத்தாசலத்தை அடுத்த நல்லூரில் வாழ்கிறோம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்கிறோம். மணிமுத்தாறு பாயும் பக்கம். விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகள். சுற்றுப்புறத்தில் முந்திரித் தோப்பும் நிலக்கடலைக் கொல்லையும். வீட்டுக்கு வீடு கருவாடு மணக்கும். நமது வீடும் அதற்கு விலக்கன்று. புலால் உண்பவர் நாம். அதை மறைப்பதுமில்லை, அதற்காக நாணுவதுமில்லை.

இந்த வீட்டுக்குத்தான் கல்லூரித் தோழர் ஒருவர், தம் வாழ்க்கைத் துணைவியாருடன் விருந்தினராக வந்தார். இருவரும் ‘வீகன்’ நெறியினர். ‘நனிசைவம்’ என்று தமிழில் எழுதுவோரும் உளர். ஊனும் மீனும் முட்டையும் மட்டுமல்ல, பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கியவர்கள். விலங்கை வருத்திப் பெறும் எதுவும் வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. 1944-ஆம் ஆண்டு நவம்பரில், இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பவரும் தோழர் சிலரும் கூடி இந்த நெறிக்கு ஒரு சங்கம் கண்டனர். வாட்சன், பள்ளியில் மரவேலை கற்பித்த ஆசிரியர். ஐரோப்பாவில் மனிதன் மனிதனைக் கொன்று குவித்துக் கொண்டிருந்த ஆண்டிலே, மாட்டுக்காகவும் கன்றுக்காகவும் மனம் இளகினர் சிலர்!

செய்தி கேட்டதும் அத்தை திகைத்தார். “பாலும் ஆகாது, மோரும் ஆகாது என்றால் பச்சைத் தண்ணீரையா இலையில் ஊற்றுவது?” என்றார். அடுத்த கவலை பாத்திரத்தைப் பற்றியது. “நம் சட்டியெல்லாம் கருவாடு வெந்த சட்டியாயிற்றே! மண்சட்டி குழம்பைக் குடித்து வைத்துக்கொள்ளுமே! புதுச்சட்டி வாங்கி வா” என்றார். உண்மைதான், மேற்பூச்சில்லாத மண்சட்டியின் நுண்துளைகள் எண்ணெயை உறிஞ்சும். பளபளக்கும் பூச்சேற்றிச் சுட்ட பீங்கான் அப்படியன்று. பீங்கான் சூளைகளுக்கு அருகே வாழும் நமக்கு இது பாடப்புத்தகம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தோழரிடமே கேட்டோம். “கழுவிய பாத்திரம் போதும். நாங்கள் தீட்டுப் பார்ப்பவர்கள் அல்லர்” என்றார். அந்தச் சொல்லை நினைவில் வையுங்கள். பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

விருந்து உருவாயிற்று. முருங்கைக்காய்ச் சாம்பார், நல்லெண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய், முந்திரிப்பருப்பு இட்ட கூட்டு, மிளகு ரசம், தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்ந்த பாயசம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலையிலும் முந்திரியிலும் ‘வி.ஆர்.ஐ.’ என்ற பெயரில் பல இரகங்களைத் தந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் பாலில்லை என்று பதறுவானேன்! நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, அதையே தயிராக உறையவைக்கும் வகையைத் தோழரின் துணைவியார் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அத்தை ஐயத்தோடு செய்தார், வியப்போடு சுவைத்தார்.

இலை போட்டோம். எல்லோரும் ஒரே வரிசையில் அமர்ந்தோம். பாயசம் பரிமாறப்பட்டது. இரண்டு வாய் உண்டிருப்பர் விருந்தினர். அடுக்களைக்குள் சென்ற நமக்கு நெய் மணம். கேட்டோம். முந்திரியை நெய்யில் வறுத்துப் பாயசத்தில் கொட்டியிருந்தார் அத்தை! பழகிய கை, பாயசம் என்றால் நெய் என்று பல்லாண்டாகப் பழகிய கை. நம் முகம் மாறியதைக் கண்டுதான் கேட்டார்: “ஒரு கரண்டி நெய்தானே! யாருக்குத் தெரியப் போகிறது?”

சொல்லவா, விடவா? சொன்னால் விருந்தினர் மனம் நோகும். அத்தை தலை குனிய நேரும். விட்டுவிட்டாலோ, மாலைவரை மகிழ்ச்சி, வழியனுப்பும்போது வாழ்த்து. உண்ட நெய்யால் அவர்கள் உடலுக்கு ஒரு கேடும் இல்லை. நரகத்தில் எண்ணெய்க் கொப்பரை காத்திருக்கிறது என்றும் நாம் நம்புவதில்லை, அவர்களும் நம்புவதில்லை. பாவம் இல்லை, நோய் இல்லை, பார்த்தவர் இல்லை. அப்படியானால் எதுதான் கெட்டுவிட்டது?

பகுத்தறிவாளர் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். கடவுள் பார்க்கிறார் என்று அஞ்சுபவனுக்கு விடை எளிது. பார்ப்பவர் எவருமில்லை என்று துணிந்தவன்தான், பார்ப்பவர் இல்லாதபோதும் எதைச் செய்வது என்று எண்ணிப் பார்க்கக் கடன்பட்டவன்.

நமது விடை இது. கெட்டது உடலன்று, கெட்டது ஓர் உரிமை. எதை உண்பது, எதை விலக்குவது என்று ஒரு மனிதன் தன் அறிவைக் கொண்டு எண்ணி முடிவு செய்கிறான். அந்த முடிவை அவனறியாமல் நாம் மாற்றினால், ‘உன் அறிவு உனக்குப் போதாது, உன் வாய்க்கு நாங்களே அதிகாரி’ என்று சொல்லாமல் சொல்கிறோம். தன்மானம் என்று மேடையில் முழங்குகிறோமே, அது மேடையோடு முடிந்துவிடுவதா? தன் வாய்க்குத் தானே உரியவனாக இருப்பதும் தன்மானம்தான். இலையில் அமர்ந்த விருந்தினர் சமையலறையை வந்து சோதிப்பதில்லை. நம் சொல்லை நம்பித்தான் கைவைக்கிறார். அந்த நம்பிக்கையைத் தின்றுவிட்டு, நெய்யை மட்டும் கணக்குப் பார்ப்பது கணக்காகுமா?

சொன்னோம். “தவறு நேர்ந்துவிட்டது, பாயசத்தில் நெய் கலந்துவிட்டது” என்றோம். ஒரு நொடி அமைதி. தோழர் கிண்ணத்தை மெல்ல நகர்த்தி வைத்தார். “சொன்னீர்களே, அது போதும்” என்றார். பிறகு அத்தையை நோக்கி, “அம்மா, அந்தக் கத்தரிக்காய் இன்னும் இருக்கிறதா?” என்று கேட்டார். குற்றம் சாட்டவில்லை, குளித்து முழுகி எழவில்லை, எழுந்தும் போகவில்லை.

நம் நண்பர்கள் சிலர் இதைக் கேட்டுச் சினந்தனர். “இதுவும் ஓர் ஆசாரந்தானே! மடிகட்டிக்கொண்டு வந்த பழைய ஆசாரத்தை எதிர்த்தோம், இப்போது மேல்நாட்டுப் பெயர் சூட்டிக்கொண்டு வருகிறது, இதற்கு இலைபோடுகிறீரே!” என்றனர். ஐயம் நியாயமானது. உணவின் பெயரால் இந்த நாட்டில் நடந்த கொடுமை கொஞ்சமன்று. சேரன்மாதேவி குருகுலத்தில், பொதுமக்கள் தந்த பணத்தில் நடந்த இடத்தில், பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி வைக்கப்பட்டது. 1924, 1925-ஆம் ஆண்டுகளில் பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் அதனை எதிர்த்துக் கிளர்ந்தனர், தமிழகமே கொதித்தது. தொடர்வண்டி நிலைய உணவுச்சாலைகளில் பார்ப்பனருக்கெனத் தனி இடம் இருந்தது. எதிர்ப்புக்குப் பின்னர் 1941-இல்தான் அது ஒழிந்தது. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை அதற்குப் பின்னும் நெடுநாள் நின்றது. இவற்றை மறந்தவர் அல்லர் நாம்.

ஆனால், ஒப்பிடும்போது ஊன்றிப் பார்க்கவேண்டும். சேரன்மாதேவியில் விலக்கப்பட்டது உணவா? இல்லை, சோறு ஒன்றாகவே இருந்தாலும் விலக்கப்பட்டவன் மனிதன். ‘இதை உண்ணேன்’ என்பது வேறு. ‘உன்னோடு உண்ணேன்’ என்பது வேறு. முன்னது ஒருவன் தனக்கு இட்டுக்கொள்ளும் கட்டளை. பின்னது பிறன்மீது சுமத்தும் இழிவு. நம் தோழர் கருவாட்டுச் சட்டியைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. கழுவினால் போதும் என்றார். நம் வரிசையிலேயே அமர்ந்தார். நம் கையால் உண்டார். தீட்டுக்கும் கொள்கைக்கும் உள்ள வேறுபாடு அதில் இருக்கிறது. தீட்டு, தொட்டவன் யார் என்று கேட்கும். கொள்கை, துன்புற்றது எது என்று கேட்கும்.

பீங்கான் ஊரில் வாழும் நாம் இதற்கு ஒரு சான்றும் சொல்வோம். ‘போன் சைனா’ என்று ஒருவகைப் பீங்கான் உண்டு. வெண்மையும் மென்மையும் மிக்கது. செல்வர் வீட்டுக் கண்ணாடிப் பேழையில் வீற்றிருப்பது. மண்ணோடு மாட்டெலும்பைச் சுட்ட சாம்பலைக் கலந்து செய்வது அது; கலவையில் ஏறத்தாழப் பாதி எலும்புச் சாம்பலாகவே இருப்பதும் உண்டு. வீகன் நெறியினர் அதில் தேநீர் அருந்துவதில்லை. உழைப்பவன் தொட்ட குவளையைத் தீட்டு என்று ஒதுக்கிய ஆசாரமோ, மாட்டெலும்புக் கோப்பையை மணக்க மணக்க வாயில் வைத்துக்கொண்டது! எது ஆராய்ந்து கொண்ட கொள்கை, எது ஆராயாமல் சுமந்த சுமை என்பது இப்போது விளங்கவில்லையா?

விருந்தளிப்பவன் கடமையைக் கற்கத் தொலைவு போகவேண்டியதில்லை. விருத்தாசலத்துக்குக் கிழக்கே வடலூர் இருக்கிறது. 1867-இல் வள்ளலார் அங்கே தருமச்சாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. கொல்லாமையை உயிர்க்கொள்கையாகக் கொண்டவர் அவர். ஆயினும் பசித்து வந்தவனை, ‘நீ வீட்டில் என்ன தின்கிறாய்?’ என்று வாயிலில் நிறுத்திக் கேட்கச் சொல்லவில்லை. புலால் உண்பவன் பசியையும் போக்கவே சொன்னார். புலால் உண்போர்க்கு மரக்கறி உண்போர் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாக இலை போட்டு வருகின்றனர். மரக்கறி உண்பார்க்கு ஒருநாள் இலை போடப் புலால் உண்ணும் நமக்கு மனம் வராதா?

நம் பள்ளிக்கூடங்களையும் பாருங்கள். சத்துணவுத் தட்டில் முட்டை வைக்கப்படுகிறது. அது ஏழைப் பிள்ளையின் எலும்புக்கும் தசைக்கும் உரம். முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். இரு பிள்ளைகளும் ஒரே வரிசையில், தோளோடு தோள் உரச அமர்ந்து உண்கின்றனர். முட்டைக்காரன் பழக்காரனைப் பழிப்பதில்லை; பழக்காரனுக்காக முட்டைக்காரன் தட்டு பறிக்கப்படுவதுமில்லை. எளிய ஏற்பாடு, ஆனால் பெரிய அறம்.

இங்கேதான் விருந்தினருக்கும் ஒரு கடமை பிறக்கிறது. தன் வாய்க்குத் தான் அரசனாக இருக்க விரும்புபவன், பிறன் வாய்க்கு அரசனாக முயலக்கூடாது. ‘நான் உண்ணேன், ஆகவே ஏழைப் பிள்ளைக்கும் முட்டை கூடாது’ என்று கிளம்புகிறவர்களும், ‘புலால் உண்பார்க்கு வீடு வாடகைக்கு இல்லை’ என்று பலகை மாட்டுகிறவர்களும், நாம் அடுக்களையில் செய்ய இருந்த தவற்றையே ஊரறியச் செய்கிறார்கள். பிறர் முடிவைத் தாமே எடுக்கிறார்கள். நெய்யை ஒளித்து ஊட்டுவதும் முட்டையைப் பிடுங்கி எறிவதும் ஒரே செருக்கின் இரண்டு கைகள்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். சொல்லாமல் முடித்தால் நேர்மை ஆகாது. உண்டு எழுந்தபின் அத்தை கேட்டார்: “பாலைக் கறந்தால் மாடு செத்தா போகிறது, தம்பி?” தோழரின் துணைவியார் விடை சொன்னார். கன்று ஈன்றால்தான் பால். ஈன்றது காளைக்கன்றானால் ஏருக்கும் வண்டிக்கும் இன்று அதற்கு வேலை இல்லை. பால் மறத்த பசுவைத் தீனி போட்டுக் காப்பார் அரிது. உலகிலேயே மிகுதியாகப் பால் கறக்கும் நாடு இது. அந்தப் பாலுக்குப் பின்னே நிற்கும் கன்றுகள் எங்கே என்று கேட்டார். அத்தை பேசவில்லை. அவரும் ஒரு காலத்தில் மாடு வளர்த்தவர். கன்று இறந்தபோது, அதன் தோலில் வைக்கோலைத் திணித்துத் தாயின்முன் நிறுத்திப் பால் கறந்தது அவருக்கு நினைவு வந்தது. “அது அந்த வைக்கோல் கன்றை நக்கிக்கொண்டே நிற்கும்” என்று மட்டும் சொன்னார்.

அந்த வார முடிவில் நம் வீட்டில் மீண்டும் மீன் வாங்கினோம், உண்டோம். மனம் மாறிவிட்டதாக நடிக்க விரும்பவில்லை. ஆனால், அந்தப் பசுவைப் பற்றிய கேள்விக்கு நம்மிடம் ஆயத்தமான விடை இல்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பகுத்தறிவு பிறர் நெற்றியில் உள்ளதை மட்டும் ஆராயும் கருவியன்று. நம் இலையில் உள்ளதையும் அது ஆராயத்தான் செய்யும். ஆராய்ந்தபின் எவர் எம்முடிவுக்கு வந்தாலும் அது அவர் முடிவாக இருக்கட்டும். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். வாய்மைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். முதலிரண்டும் மோதுவதாகத் தோன்றும் வீட்டில், மூன்றாவது வந்து இரண்டையும் ஒரே வரிசையில் அமர்த்துகிறது.

ஆகவே, தோழர்களே, உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு விருந்தினர் வரக்கூடும். ‘எதை உண்பீர்கள்?’ என்று முதலில் கேளுங்கள். கேட்டபடி சமையுங்கள். கை தவறினால், தவறியதைச் சொல்லுங்கள். அவரோடு ஒரே வரிசையில் அமருங்கள். வாதம் இருந்தால் கைகழுவியபின் வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்தவர்கள் பேசும் வாதத்தில் காரம் குறைவாகவே இருக்கும்.

அத்தை அடுத்த முறை முந்திரியைத் தேங்காய் எண்ணெயில் வறுக்கப் போகிறாராம். “மணம் கொஞ்சம் மாறும், மாறினால் என்ன?” என்கிறார்.