நூல் தேர்வும் வாசக அறமும்: டோம்பிவிலி நூற்பரிமாற்றத்தை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

படிக்கத் தக்க நூல் எது என்னும் வினா பெரும்பாலும் சுவை பற்றிய வினாவாகவே கருதப்படுகிறது. ஒருவர்க்கு நாவல், மற்றொருவர்க்கு வரலாறு, சிறுவர்க்குச் சித்திரக்கதை என அவரவர் விருப்பத்திற்கு அது விடப்படுகிறது. ஆயின், ஒருவர் எந்நூலைக் காண்கிறார், எந்நூலைக் காணாமலே வாழ்ந்து முடிக்கிறார் என்பது அவர் விருப்பத்தை மட்டும் சார்ந்ததன்று. அந்நூல் அவர் கைக்கு எட்டும் தொலைவில் இருந்ததா, அதனை எட்டச் செய்தவர் எவர் என்பனவும் அவ்வினாவில் அடங்கும். இவ்வகையில் நூல் தேர்வு என்பது அறவியல் சார்ந்த சிக்கலாகவும் அமைகிறது. புலம்பெயர்ந்து வாழும் தமிழர்களிடையே இச்சிக்கல் கூர்மையாக வெளிப்படுகிறது. மும்பையின் புறநகரான டோம்பிவிலியைக் களமாகக் கொண்டு இச்சிக்கலை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டோம்பிவிலி தாணே மாவட்டத்தில், மத்திய இரயில்வேயின் தடத்தில், மும்பைச் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்திலிருந்து ஏறத்தாழ 48 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது. நாள்தோறும் பெருந்திரளான மக்கள் பணியின் பொருட்டு இங்கிருந்து மின்தொடரில் மாநகருக்குச் சென்று மீள்கின்றனர். மராத்தி வாசிப்புப் பண்பாட்டில் தனியிடம் பெற்ற ஊர் இது. அகில பாரதிய மராத்தி இலக்கிய மாநாட்டின் 90ஆவது அமர்வு 2017ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இவ்வூரில் நிகழ்ந்தது. 1986இல் இங்குத் தோன்றிய பை ஃப்ரெண்ட்ஸ் லைப்ரரி என்னும் தனியார் நூலகம் அண்மை ஆண்டுகளில் நூற்பரிமாற்ற விழாக்களை நடத்தி வந்துள்ளது. படித்து முடித்த நூல்களைக் கொண்டுவருவோர் அவற்றுக்கு ஈடாகப் பிறர் கொணர்ந்த நூல்களை எடுத்துச் செல்லலாம் என்பதே அதன் அடிப்படை. விலை மறைந்து நூல்கள் மட்டும் எஞ்சும் இவ்விடத்தில், நூலின் தகுதியை எது தீர்மானிக்கிறது என்னும் வினா மறைப்பின்றி எழுகிறது.

நன்னூல் காட்டும் அளவுகோல்

தமிழ் மரபில் நூலின் இயல்பையும் கற்போனின் இயல்பையும் ஒருங்கே பேசும் பகுதி நன்னூலின் பொதுப்பாயிரமாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த பவணந்தி முனிவர், நூல் அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நாற்பயன் தருவதாய், பத்துக் குற்றம் நீங்கிப் பத்து அழகு பெற்று, முப்பத்திரண்டு உத்திகளுடன் அமைய வேண்டும் என்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல், வெற்றெனத் தொடுத்தல் முதலாய குற்றங்கள் யாவும் சொல்லும் முறையைப் பற்றியன என்பது கருதத்தக்கது. எடுத்துக்கொண்ட பொருள் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது பற்றிய குற்றம் அப்பட்டியலில் இல்லை. பவணந்தியார் கருத்தில் இருந்தது இலக்கண நூலே எனினும், இவ்வளவுகோலை நாவலுக்கும் சித்திரக்கதைக்கும் அரசியல் உரைக்கும் நீட்டிப் பார்க்க இடமுண்டு. ஒரு சித்திரக்கதையும் குன்றக் கூறலாம். ஒரு பெருநூலும் வெற்றெனத் தொடுக்கலாம்.

மாணாக்கர் இயல்பைக் கூறுமிடத்து அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன கடைமாணாக்கர்க்கும் உவமைகளாகின்றன. ஆடு ஒரு செடியில் வயிறு நிறைய மேயாது செடிதோறும் வாய்வைத்துச் செல்வது. ஆ நல்ல புல்லைக் கண்டவிடத்து நிறைய மேய்ந்து, பின் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடுவது. இவ்வுவமைகளைக் கொண்டு நோக்கின், இன்று நாவல், நாளை சித்திரக்கதை, மறுநாள் அரசியல் நூல் என வகைதோறும் செல்லும் வாசகரை ஆடு எனக் குறைகூறத் தோன்றும். ஆயின் உவமையின் உயிர் செடிகளின் எண்ணிக்கையில் இல்லை. அசைபோடுதல் உண்டா இல்லையா என்பதே ஆவையும் ஆட்டையும் வேறுபடுத்துவது. ஒரே வகையான நூல்களை ஆண்டுக்கணக்கில் படித்தும் அசைபோடாதவர் உளர். பலவகை நூல்களைப் படித்து அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி எண்ணுபவரும் உளர்.

அன்னத்தின் உவமை இதனினும் நுட்பமான சிக்கலை எழுப்புகிறது. பாலையும் நீரையும் பிரிக்கும் ஆற்றல் அன்னத்திற்கு இயல்பாகவே உள்ளதாக மரபு கொள்கிறது. வாசகர்க்கோ அவ்வாற்றல் பிறவியில் அமைவதன்று. நல்ல நூலைத் தேர்ந்தெடுக்க மதிப்பிடும் அறிவு வேண்டும். அவ்வறிவு நல்ல நூல்களைப் படிப்பதால் மட்டுமே வரும். எனில் முதல் நூலை ஒருவர் எவ்வாறு தேர்ந்தெடுப்பார்? இவ்வினாவிற்கான விடையைத் தேடுமுன், வகை அடிப்படையில் நூலுக்குத் தரம் வழங்கும் வழக்கம் ஏற்கத்தக்கதா என்பதைக் காண வேண்டும்.

வகைமையும் மதிப்பும்

நூற்குவியலில் முதலில் தள்ளப்படுவது பாடநூல். தேர்வு முடிந்ததும் அதன் பயன் முடிந்ததாகக் கருதப்படுகிறது. ஆயின் நன்னூலே தலைமுறைகள் கடந்து பாடநூலாகப் பயின்று வந்ததன்றோ! மும்பை மாநகராட்சி பல மொழிகளில் பள்ளிகளை நடத்தி வருகிறது; அவற்றுள் தமிழும் ஒன்று. தாராவி போன்ற பகுதிகளில் உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் இப்பள்ளிகளில் தமிழ் பயின்றுள்ளனர். வேறு நூல் வாங்க இயலாத இல்லத்தில் தமிழெழுத்து நுழைவதற்குரிய வாயில் பெரும்பாலும் பாடநூலே. அவ்வில்லத்தில் அதன் மதிப்பு, நூலகம் நிறைந்த இல்லத்தில் ஒரு செவ்வியல் பதிப்பு பெறும் மதிப்பினும் குறைந்ததாகாது.

சித்திரக்கதைக்கும் இது பொருந்தும். டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமத்தின் இந்திரஜால் காமிக்ஸ் 1964இலும், அனந்த் பை உருவாக்கிய அமர் சித்திரக் கதை 1967இலும் மும்பையிலிருந்து வெளிவரத் தொடங்கின. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கி, இரும்புக்கை மாயாவியைத் தமிழ்ச் சிறுவர் உலகிற்கு அறிமுகப்படுத்தியது. இவற்றைப் பாடப்புத்தகத்தினுள் மறைத்துப் படித்த தலைமுறை பின்னர் நாவல்களுக்கும் வரலாற்றுக்கும் நகர்ந்தது. எனினும் சித்திரக்கதையை வெறும் ஏணிப்படியாகக் கொள்வது அதற்கு முழு நியாயம் செய்வதாகாது. அமர் சித்திரக் கதை சாதியையும் பெண்ணையும் காட்டும் முறை ஆய்வாளர்களின் கடுமையான திறனாய்வுக்கு உள்ளாகியுள்ளது. ஒன்றைத் திறனாய்வு செய்கிறோம் எனில் அதற்கு ஆற்றல் உண்டென ஒப்புகிறோம் என்பதே பொருள். சிறுவர் நூல் எனக் கண்டுகொள்ளாது விடுதலே உண்மையான புறக்கணிப்பாகும்.

புனைவைப் பொறுத்தவரை மும்பை தமிழுக்குப் பெரிதும் அளித்துள்ளது. நாஞ்சில் நாடன் 1972 முதல் 1989 வரை இம்மாநகரில் பணியாற்றியவர். வேலை தேடி மும்பை செல்லும் படித்த இளைஞனின் நிலையை அவருடைய மிதவை நாவல் சித்திரிக்கிறது. மும்பையை வாழ்விடமாகக் கொண்ட அம்பை, பெண்களின் குரல்களையும் கடிதங்களையும் ஒளிப்படங்களையும் காக்கும் ஸ்பாரோ ஆவணக் காப்பகத்தை 1988இல் பிறருடன் இணைந்து நிறுவினார். பயனற்றவை என வீட்டு மூலையில் கிடந்தவையே அங்கு ஆவணங்களாயின. மதிப்பு என்பது பொருளோடு பிறந்து நிலைத்த பண்பன்று, மதிப்போர் வரும்போது வெளிப்படுவது என்பதற்கு இக்காப்பகம் தக்க சான்றாகும். எப்பொருளாயினும் எவர் வாயிலிருந்து வரினும் அதன் மெய்ம்மையைக் காண்பதே அறிவு எனத் திருவள்ளுவர் வகுத்த நெறி நூல் வகைமைக்கும் ஏற்புடையது.

கண்டடைதலில் பிறர் பங்கு

முதல் நூலை ஒருவர் எவ்வாறு கண்டடைவார் என்னும் வினாவிற்கு இரு வாழ்க்கை நிகழ்வுகள் விளக்கம் தருகின்றன. முதலாவது தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் நன்கறியப்பட்டது. 1880இல் கும்பகோணத்தில் உ.வே. சாமிநாதையரைச் சந்தித்த சேலம் இராமசுவாமி முதலியார், அவர் படித்த அந்தாதிகளையும் புராணங்களையும் கேட்டறிந்த பின், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். மகாவித்துவானிடம் பயின்ற பெரும்புலமையும் அந்நூலை அவர்க்குக் காட்டியிருக்கவில்லை. ஒரு முன்சீப்பின் வினாவே அதைக் காட்டியது. சைவ மடச் சூழலில் வளர்ந்த அவர், சமண நூலின் பொருளறியச் சமணர் இல்லம் தேடிச் சென்றார். 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. புலமை மிக்க ஒருவர்க்கே பிறர் காட்டித்தான் நூல் தெரிய வேண்டியிருந்தது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது நிகழ்வு மும்பைக்குரியது. பள்ளிச் சிறுவனாயிருந்த அம்பேத்கரின் வாசிப்பார்வத்தைக் கண்ட ஆசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர், அச்சிறுவன் தேர்வில் வென்றதைப் பாராட்டும் கூட்டத்தில், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாக வழங்கினார். அந்நூலின் தாக்கத்தை அம்பேத்கரே பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். 1956இல் அவர் பௌத்தம் தழுவியதற்கும், மறைவிற்குப்பின் 1957இல் வெளிவந்த புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலுக்கும் பல காரணங்கள் உண்டு. அவற்றின் தொடக்கத்தில் ஒரு பரிசு நூலும் இருந்தது.

நூல்களுக்கெனவே பார்த்துப் பார்த்து அவர் கட்டிய இராஜகிருகம் மாட்டுங்காவை அடுத்த தாதர் இந்து காலனியில் உள்ளது. 1936இல் இலாகூரில் நிகழ்த்தவிருந்த உரையை அழைத்தவர்களே கைவிட்டபோது, அதனைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார் அம்பேத்கர். சாதி ஒழிப்பு பற்றிய அவ்வுரை பெரியாரின் குடி அரசு வழியாக விரைவிலேயே தமிழ் வாசகரையும் அடைந்தது. மேடை மறுக்கப்பட்ட சொல் அச்சின் வழியே மொழி கடந்து சென்றது. அரசியல் செவ்வியல் நூல் என இன்று போற்றப்படுவது, தோன்றியபோது எவரும் மேடை தர முன்வராத உரையாயிருந்தது. அதற்குத் தகுதி வழங்கியவர் அதனைக் கைமாற்றிக் கொடுத்தோரே ஆவர்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் இரண்டு இங்கு நினைக்கத்தக்கன. ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூல் உண்டு என்பது ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்பது மற்றொன்று. இவற்றை விதி என்பதினும் கடமை எனக் கொள்வதே பொருந்தும். உரிய வாசகர் உண்டு என்பதனால் அவர் தாமே வந்து சேர்வார் என்பதில்லை. இடையில் ஒருவர் நின்று இணைக்க வேண்டும்.

பரிமாற்றமும் ஈகையும்

இந்நோக்கில் டோம்பிவிலியின் நூற்பரிமாற்றத்தை மதிப்பிடலாம். விலையின் தடையை அகற்றுவதும், வகைமை வேறுபாடின்றி நூல்களை ஒருங்கு வைப்பதும் அதன் நன்மைகள். அம்முறைக்குள் ஓர் இடரும் உண்டு. வேண்டாததைக் கொடுத்து வேண்டியதைப் பெறும் மனநிலை அங்கு எளிதில் புகுந்துவிடும். எல்லோரும் தமக்கு வேண்டாததையே கொணர்ந்தால் எவர்க்கும் வேண்டியது கிடைக்காது. மேலும், கொடுப்பதற்கு நூல் உடையவரே பெறுவதற்கும் தகுதியுடையவராகிறார். வெறுங்கையுடன் வரும் சிறுமிக்குப் பரிமாற்றத்தில் இடமில்லை.

வறியார்க்குக் கொடுப்பதே ஈகை, பிறவெல்லாம் எதிர்பார்த்துச் செய்வன எனக் குறள் வரையறுக்கிறது. மறுமைப் பயனைக்கூடக் கருதாமல் கொடுத்தவன் என ஆய் அண்டிரனைப் புறநானூறு புகழ்கிறது. இம்மரபில் நோக்கின், பரிமாற்றம் தொடக்கமாகலாம். அதுவே அறத்தின் நிறைவாகாது. கேளுஸ்கர் ஈடு எதையும் கேட்கவில்லை. நூலின்றி வருபவர்க்கும் ஒரு நூல் கிடைக்கச் செய்யும்போதே பரிமாற்றம் ஈகையாக உயர்கிறது.

மும்பைத் தமிழர்க்கு இதில் இழப்பும் ஆக்கமும் அடங்கியுள்ளன. மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளில் குடியேறியோரின் பின்தலைமுறையினருள் தமிழைப் பேசவும் கேட்கவும் அறிந்து, படிக்க அறியாதவர் பலர். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளிலோ டோம்பிவிலியின் நூற்குவியலிலோ ஒரு தமிழ் நூல் வைக்கப்படுமாயின், அதனை எடுப்பார் உளரா என்பது உறுதியில்லை. பெற்றோர் மறைந்தபின் அவர்தம் நூல்களைப் படிக்க இயலாத மக்கள் அவற்றை எடைக்குப் போடுவதைக் குற்றமெனக் கூறுவது எளிது. அந்நூல்களில் ஒன்றையேனும் பெற்றோர் உயிருடனிருந்தபோது மடியில் வைத்துப் படித்துக் காட்டினரா என வினவுவது கடினம். அறவியல் நோக்கில் இரண்டாவது வினாவே முதன்மையுடையது.

முடிவுரை

நூலின் தகுதி அதன் வகையைப் பொறுத்ததன்று. சொல்லும் முறையும், படிப்பவர் அசைபோடும் முறையும் அதனைத் தீர்மானிக்கின்றன. மதிப்பிடும் அறிவு வாய்க்குமுன் ஒருவர் பெறும் முதல் நூல் எப்போதும் பிறர் தந்ததே. ஆகவே நல்ல நூலைக் கண்டடைந்தவர் ஒவ்வொருவரும் கடன்பட்டவராகிறார். அக்கடனைத் தந்தவர்க்கே திருப்பித் தருதல் பெரும்பாலும் இயலாது. அடுத்தவர்க்குத் தருவதே அதனைத் தீர்க்கும் வழி. நூலைக் கொடுத்தால் மட்டும் அக்கடன் தீர்ந்துவிடாது. அதனைப் படிக்கக் கற்பித்தலும், படித்ததைப் பற்றி உரையாடலும் அதன் பகுதிகளாம். டோம்பிவிலியில் நூலை மேசைமேல் வைத்துவிட்டுச் செல்பவர், அதனை எடுக்க வருபவரிடம் தம்மைக் கவர்ந்தது இன்னது என ஒரு சொல் கூறிச் செல்வாராயின், கும்பகோணத்து முன்சீப் செய்ததையே அவரும் செய்தவராவார்.