வண்ணமும் வாய்மையும்

பழைய பொருளொன்று நம் கைக்கு வந்து சேரும்போது, அதனோடு ஒரு கேள்வியும் சொல்லாமல் வந்து சேருகிறது: இதற்கு நான் உரிமையாளனா, காவலனா? விலை கொடுத்து வாங்கியவனே உரிமையாளன் என்று சட்டம் சொல்லும். ஆனால் சட்டம் பேசி முடித்த இடத்தில்தான் மனச்சான்று பேசத் தொடங்குகிறது.

அரிய பழங்கார்களைச் சீர்செய்து மீட்போர் இக்கேள்வியை மிகக் கூர்மையாகச் சந்திக்கின்றனர். எந்திரத்தைச் செப்பனிடும்போது அவர்களுக்குப் பெரிய மனப்போராட்டம் எழுவதில்லை. நின்றுபோன எந்திரம் மீண்டும் ஓட வேண்டும்; அவ்வளவே. வண்ணம் பூசும் நாள் நெருங்கும்போதுதான் தயக்கம் பிறக்கிறது. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் இருந்த வண்ணமா? இடையில் எவரோ விரும்பிப் பூசிய வண்ணமா? அன்றி, இன்றைய உரிமையாளரின் கண்ணுக்கு இனிய வண்ணமா? மேற்பூச்சுத்தானே என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. ஒரு காரைக் காண்பவர் முதலில் காண்பதும், நெடுநாள் நினைவில் வைத்திருப்பதும் அதன் வண்ணத்தையே அல்லவா?

பிரான்சின் அல்சாஸ் பகுதியிலுள்ள மோல்சைம் என்னும் சிற்றூரில் இயங்கிய புகாட்டி நிறுவனம், 1936 முதல் 1938 வரையிலான காலத்தில் ‘அட்லாண்டிக்’ என்ற வகையில் நான்கே நான்கு கார்களை உருவாக்கியது. நிறுவனரின் மகன் ழான் புகாட்டியின் கைவண்ணம் அவை. கூரையின் நடுவே முதுகெலும்பு போல ஓடும் விளிம்பும், அதில் வரிசையாக அறையப்பட்ட ரிவெட்டுகளும் அவற்றின் தனி அடையாளங்கள். முதற்கார் இங்கிலாந்தின் விக்டர் ராத்ஸ்சைல்டுக்காகச் செய்யப்பட்டது. அதன் வண்ணம் சாம்பல் கலந்த வெளிர்நீலம். கடைசிக் கார் 1938இல் இலண்டனில் ஒருவரிடம் சேர்ந்தது; அது நீலமணிக் கல்லைப் போன்ற ஆழ்ந்த நீலம்.

ஆண்டுகள் பல உருண்டோடின. கடைசிக் காரை 1988இல் ஆடை வடிவமைப்பாளர் ரால்ஃப் லாரன் வாங்கினார். முற்றிலும் சீர்செய்து, அதற்குக் கறுப்பு வண்ணம் பூசுவித்தார். 1990இல் கலிபோர்னியாவின் பெபிள் பீச் கண்காட்சியில் அது தலைசிறந்த காருக்குரிய பரிசை வென்றது. முதற்காரோ, பிறிதோர் உரிமையாளரின் கையில், தன் பிறவி வண்ணமாகிய வெளிர்நீலத்துக்கே திரும்பியது. அதே கண்காட்சியில் 2003இல் அதுவும் அதே பரிசை வென்றது. ஒரே பட்டறையில் பிறந்த உடன்பிறப்புகள் இரண்டு. ஒன்று பிறவி வண்ணத்தைத் துறந்தது, மற்றொன்று அதனை மீண்டும் பெற்றது. இரண்டுக்கும் ஒரே மகுடம்! எனவே, எது சரி என்பதைப் பரிசுகளைக் கொண்டு தீர்மானித்துவிட முடியாது. நாமே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உரிமையாளரின் பக்கத்தை முதலில் கேட்போம். “அந்நாளில் இந்தக் காரை வாங்கியவர் தமக்குப் பிடித்த வண்ணத்தைக் கேட்டுப் பெற்றார். அவருக்கு இருந்த உரிமை எனக்கு ஏன் இல்லை? இது கல்லறையன்று, ஓடுகின்ற வண்டி. வாழ்கின்ற பொருள் மாறத்தானே செய்யும்!” இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கறுப்புப் பூச்சில் அந்தக் காரின் வளைவுகள் பேரழகோடு விளங்குகின்றன என்பதை அதனைக் கண்டவர்கள் ஒப்புவர்.

மறுபக்கமும் வலியதே. ழான் புகாட்டி தமக்கென வைத்திருந்த அட்லாண்டிக் கறுப்பு வண்ணத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது காணாமற்போயிற்று, இன்றுவரை கிடைக்கவில்லை. நீலமாகப் பிறந்த காரைக் கறுப்பாகக் காணும் ஒருவர், காணாமற்போன அந்தக் காரே இதுவென மயங்கவும் கூடும். நான்கே பிறந்த குடும்பத்தில் ஒருவரின் ஆடையை மற்றொருவர் அணிந்தால் அடையாளம் குழம்பாதா? ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட பொருளில் ஒன்றின் வண்ணம் மாறினால், மற்றவை சான்று சொல்லும். அரிய பொருளுக்கோ அதுவேதான் சான்று. அரிதாகுந்தோறும் பொறுப்பும் கனக்கிறது.

அப்படியானால் பிறவி வண்ணத்தையே பூசிவிட்டால் சிக்கல் தீர்ந்ததா? தீரவில்லை. ஃபோர்டு நிறுவனத்தின் ‘மாடல் டி’ காரை எடுத்துக்கொள்வோம். அது கறுப்பு வண்ணத்தில் மட்டுமே கிடைத்தது என்பது பலரின் நம்பிக்கை. உண்மையில் 1914 முதல் 1925 வரைதான் அந்நிலை. அதற்கு முன்னும் பின்னும் வேறு வண்ணங்கள் இருந்தன. முற்பட்ட காலத்துக் கார் ஒன்றைக் கிடைக்கப்பெற்றவர், மரபைக் காப்பதாக எண்ணி மனநிறைவோடு கறுப்புப் பூசினால், அவர் காப்பது உண்மையையன்று, ஊர்ப்பேச்சையே. பழைய புகைப்படங்களும் நம்மை ஏமாற்ற வல்லவை. அக்காலத்துப் படச்சுருள்களுள் பல சிவப்பொளியை உணராதவை. அவற்றில் செக்கச்சிவந்த கார்கூடக் கருமையாகத் தோன்றும். நல்லெண்ணம் ஒன்றே உண்மைக்குப் போதாது, தேடலும் வேண்டும்.

தேடல் எங்கே தொடங்குகிறது? கதவுக் கீலின் அடியில், டேஷ்போர்டின் பின்புறத்தில், பெயர்த்தகட்டின் மறைவில். வெயிலும் மழையும் எட்டாத அவ்விடங்களில் முதற்பூச்சு மங்காமல் இருப்பதுண்டு. தேர்ந்த கைவினைஞர் அங்கே மெல்லிய உப்புத்தாளை நீரில் நனைத்து, ஒரு காசளவு இடத்தை மெதுவாகத் தேய்ப்பார். அடுக்கடுக்காக வண்ணங்கள் வளையங்களாய் வெளிப்படும். வெட்டிய மரத்தின் வளையங்கள் அதன் வயதைக் கூறுவதுபோல, இவை காரின் வரலாற்றைக் கூறும். இன்னின்ன வண்ணம், இன்ன வரிசையில் என அவர் குறித்துக்கொள்வார். பூச்சின் தன்மையும் ஒரு செய்தி சொல்லும். 1920களில் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுகள் பரவும் முன்னர், வார்னிஷ் பூச்சுகளை அடுக்கடுக்காய்ப் பூசி உலரவைக்க வாரக்கணக்கில் ஆயிற்று. இன்றைய பூச்சுகள் தரும் கண்ணாடி போன்ற பளபளப்பு அன்றைய கார்களுக்கு இருந்ததில்லை. ஆகவே வண்ணம் சரியாக இருந்தும் மினுமினுப்பு பொய் பேசக்கூடும்.

‘பிறவி வண்ணமே உண்மை’ என்ற விதியையும் தயங்கவைக்கும் கார் ஒன்று உண்டு. புகாட்டியின் ‘டைப் 59’ வகைப் பந்தயக் கார் ஒன்று, 1934இல் ஸ்பா நகரில் நடைபெற்ற பெல்ஜியம் கிராண்ட் பிரீ பந்தயத்தில் ரெனே டிரைஃபஸ் ஓட்ட, வாகை சூடியது. அன்று அதன் வண்ணம் பிரான்சின் பந்தய நீலம். பின்னர் அது பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டின் கைக்கு வந்தது. அவர் அதற்குக் கறுப்புப் பூசி, மஞ்சள் கோடும் இடச் செய்தார். அதன்பின் வந்தவர்கள் அதனை நீலத்துக்குத் திருப்பவில்லை, புதுக்கறுப்பும் பூசவில்லை. சிராய்ப்புகளோடும் மங்கலோடும் அப்படியே வைத்துக் காத்தனர். 2024இல் பெபிள் பீச் கண்காட்சியில் அந்தக் கார் தலைசிறந்த பரிசைப் பெற்றது. மீட்டுப் புதுப்பிக்காமல் பாதுகாக்கப்பட்ட கார் ஒன்று அங்கே அப்பரிசை வென்றது அதுவே முதன்முறை. தொழிற்சாலையின் நீலத்துக்கு நேர்மையாக இருப்பதாகக் கருதி எவரேனும் அந்தக் கறுப்பைச் சுரண்டியிருந்தால், ஒரு மன்னரின் கைச்சான்று உலகைவிட்டே மறைந்திருக்கும்.

இங்கேதான் நம் கேள்வியின் உட்கரு வெளிப்படுகிறது. எந்த வண்ணத்தைப் பூசுவது என்பதையே பெரிய முடிவென நாம் எண்ணுகிறோம். ஆனால் பூசிய வண்ணத்தை நாளை மாற்றலாம். நீலத்தின்மீது கறுப்பும், கறுப்பின்மீது நீலமும் எத்தனை முறையும் ஏறலாம். திருப்ப இயலாத செயல் அதற்கு முந்தியது: பழைய அடுக்குகளை வெற்று உலோகம் தெரியச் சுரண்டி எறிவது. பூசும் நாளில் எல்லாரும் கூடி நின்று பார்க்கிறார்கள்; சுரண்டும் நாளில் எவரும் பார்ப்பதில்லை. அறத்தின் உரைகல் அந்த இரண்டாம் நாளே. பட்டறைத் தரையில் தூளாகிப் பெருக்கித் தள்ளப்படுவது வெறும் பழம்பூச்சன்று. இறந்தவர்கள் தங்களைப் பற்றி விட்டுச்சென்ற சாட்சியம். மறுத்துரைக்க அவர்களுக்கு வாயில்லை.

எனவே உரிமையாளரின் விருப்பத்தை முற்றும் மறுக்க வேண்டியதில்லை. அதற்கு வரிசை ஒன்று வேண்டும். முதலில் பார்க்க வேண்டும். பார்த்ததைப் பதிவு செய்ய வேண்டும். மறைவான ஓரிடத்தில் கையகல அளவேனும் பழைய அடுக்குகளைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும். தாம் மாற்றியதை, வாங்க வருபவரிடமும் காண வருபவரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பன்னாட்டுப் பழைமை ஊர்திகள் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட தூரின் சாசனமும், பாதுகாப்புக்கு முதலிடம் தந்து, செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்ய வலியுறுத்துகிறது. இவற்றைச் செய்தபின் ஒருவர் நீலத்தையோ கறுப்பையோ தேர்ந்தெடுத்தால், அது சுவை பற்றிய செய்தி, வாய்மைக்கு ஊறில்லை. இவற்றைச் செய்யாதவர், பிறவி வண்ணத்தையே மிகச் சரியாகப் பூசினாலும், தம் சொல்லைத் தவிர வேறு சான்றில்லாத ஒரு காரையே அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்கிறார்.

நம்முள் எவரும் அட்லாண்டிக் காருக்கு உரிமையாளராகப் போவதில்லை. ஆயினும், பிறர் கைபட்ட பொருள்கள், பிறர் எழுதிவைத்த ஏடுகள், பிறர் வாழ்ந்த வீடுகள் நம் ஒவ்வொருவரிடமும் வந்து சேரத்தான் செய்கின்றன. அவற்றுக்கு நம் வண்ணத்தைப் பூச நமக்கு ஆசை இருக்கலாம். அந்த ஆசை குற்றமுமன்று. ஆனால் நமக்கு முன் இருந்தவரின் வண்ணம் அடியில் எங்கேனும் ஒரு கையகலம் எஞ்சியிருக்கிறதா? நமக்குப் பின் வருபவர் உப்புத்தாளை நனைத்து மெல்லத் தேய்த்துப் பார்க்கும் நாளில், அவருக்குக் கிடைப்பது உண்மையா, வெறும் உலோகமா?