அன்னை மடியில் அயல்நாட்டு வீரன்

மறுபிறப்பு என்பது பௌத்த நாடுகளில் ஏட்டில் உறையும் கொள்கை மட்டும் அன்று. அது அடுக்களையிலும் தொட்டிலருகிலும் வாழ்கிறது. மியான்மரில் கருவுற்ற பெண், மறைந்த ஒருவர் தன் வயிற்றில் பிறக்க வருவதாகக் கனவு காண்பதுண்டு. மழலை மாறாத குழந்தை, 'என் வீடு வேறு, என் தாய் வேறு' என்று கூறுவதும் உண்டு. இத்தகைய குழந்தைகள் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் இவ்வாறு பேசத் தொடங்குகின்றனர். எட்டு வயதை எட்டுவதற்குள் பெரும்பாலோருக்கு அந்நினைவு மங்கிவிடுகிறது.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பேராசிரியர் இயான் ஸ்டீவன்சன் (1918–2007) பல நாடுகளுக்குச் சென்று இத்தகைய குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்தார். தாய்லாந்து, பர்மா நாடுகளில் தாம் கண்டவற்றை 1983-இல் தனி நூலாக வெளியிட்டார். இவை மறுபிறப்பைச் சுட்டுகின்றனவே தவிர ஐயமற நிறுவவில்லை என்பதே அவரது நிலை.

அவர் ஆராய்ந்த பர்மியக் குழந்தைகளுள் சிலர், இரண்டாம் உலகப் போரில் அங்கே மடிந்த ஜப்பானிய வீரர்கள் தாங்களே என்றனர். வெயில் பொறுக்கவில்லை, உணவு காரமாக இருக்கிறது என்று குறைகூறினர். ஜப்பானுக்குத் திரும்ப ஏங்கினர். சரிபார்க்கத்தக்க பெயரோ முகவரியோ அவர்கள் தரவில்லை. எனவே அக்கூற்றுகளைச் சான்றாகக் கொள்ள இயலாது.

ஆயினும் அந்தத் தாயரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். 1942 முதல் 1945 வரை அந்நாடு ஜப்பானியப் படையின் பிடியில் துன்புற்றது. அந்தப் படையைச் சேர்ந்தவன் என்று தன் வயிற்றில் பிறந்த பிள்ளையே சொன்னால், தாய் என்ன செய்வாள்? பகைவன் என்று தள்ளுவாளா, பிள்ளை என்று அணைப்பாளா?

பகவான் புத்தர் இதற்கு விடை தந்திருக்கிறார். தொடக்கம் அறியவொண்ணாத இப்பிறவிச் சுழலில், என்றேனும் நமக்குத் தாயாகவோ தந்தையாகவோ மகவாகவோ இராத உயிரைக் காண்பது அரிது என்று சம்யுத்த நிகாயத்தில் அவர் போதிக்கிறார். அப்படியாயின், நேற்றைய பகைவன் அதற்கு முன் நம் மகனாக இருந்திருக்கலாம். பகை இடையில் வந்தது. உறவு அதனினும் பழையது.

போதி மரத்தடியில் இரவின் முதல் யாமத்திலேயே புத்தர் தம் முற்பிறவிகளை அறிந்தார். ஆனால் அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. இறுதி யாமத்தில் ஆசவங்கள் எனும் மன மாசுகள் அற்ற பின்னரே முழு ஞானம் பெற்றார். பழம்பிறவி நினைவு மட்டுமே விடுதலை ஆகாது என்பது இதனால் விளங்கும்.

இரவெல்லாம் எரியும் விளக்கின் சுடர் முதல் யாமத்தில் இருந்ததே அன்று, வேறும் அன்று என்கிறது மிலிந்த பஞ்ஹா. குழந்தையும் அவ்வாறே. இறந்தவரின் பெயரை அதன்மேல் சுமத்துவது தவறு. அதன் சொல்லைப் பொய்யென்று அதட்டுவதும் தவறு.

தீமையிலிருந்து விலக்குதல், நன்மையில் நிலைபெறச் செய்தல், தொழில் கற்பித்தல் ஆகியவற்றைப் பெற்றோரின் கடமைகளாகச் சிகாலோவாத சூத்திரம் கூறுகிறது. குழந்தை முன்பு யாராக இருந்தது என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. பழையதைப் பேசும் குழந்தையைக் காட்சிப்பொருளாக்காமல், அச்சுறுத்தாமல், அன்புடன் செவிமடுத்து இன்றைய வாழ்வுக்கு ஆயத்தப்படுத்துவதே பெற்றோர் ஆற்றவேண்டிய அறம்.