மரக்கப்பலும் மாக்கோழியும்

பழைய பாய்மரக் கப்பல்களின் சிற்றுருவை மரத்தால் செய்து, கயிறு கட்டி, கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றும் பழக்கம் மேனாட்டாரிடம் நெடுங்காலமாக உண்டு. அதற்கு வேண்டிய மரச்சட்டங்கள், பலகைச் சீவல்கள், கப்பிகள், நூற்கண்டுகள், வரைபடம் யாவும் இன்று ஒரே பெட்டியில் அடைக்கப்பட்டு, ‘கிட்’ என்ற பெயரில் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்று ‘சார்லஸ் டபிள்யூ. மார்கன்’ என்னும் திமிங்கல வேட்டைக் கப்பலுக்கு உரியது. அமெரிக்காவில் பணிபுரியும் என் தம்பி மகன் அதனைக் கட்டி வருகிறான். உடற்பகுதியை முடித்துக் கயிறு கட்டத் தொடங்கும் வேளையில், “அத்தை, கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட வீட்டில் இதனை வைக்கலாமா? தளத்தின் மேலுள்ள உலையை மட்டும் செய்யாமல் விட்டால் போதுமா?” என்று கேட்டு எழுதியிருந்தான். இவ்வினா நம் இல்லங்கள் பலவற்றுக்கும் பொருந்தும் என்பதால் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

அக்கப்பல் 1841-ஆம் ஆண்டு மாசச்சூசெட்ஸ் மாநிலத்து நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்தில் நீரில் இறக்கப்பட்டது. 1921 வரை 37 முறை வேட்டைக்குச் சென்று மீண்டது. 1941 முதல் கனெக்டிகட் மாநிலத்து மிஸ்டிக் என்னும் ஊரில் காட்சிப்பொருளாக நிற்கிறது. அந்நாட்டு மரத் திமிங்கலக் கப்பல்களுள் எஞ்சியது இஃது ஒன்றே. விளக்கெரிக்கவும் ஆலைப் பொறிகளுக்கு இடவும் வேண்டிய எண்ணெய்க்காகவே பெரும்பாலும் அவ்வேட்டை நடந்தது.

கப்பலுக்குத் தம் பெயரைத் தந்த மார்கன், குவேக்கர் குடும்பத்தில் தோன்றியவர். குவேக்கர்கள் கிறித்தவருள் போரை அறவே மறுத்த பிரிவினர். அடிமை முறையை எதிர்த்தவர்கள். நியூ பெட்ஃபோர்டின் கப்பல் உடைமையாளருள் அவர்கள் பலர். மனிதன்மேல் வாளெடுக்க மறுத்தவர்களே திமிங்கலத்தின்மேல் ஈட்டி எறியக் கூலி கொடுத்தார்கள். இதனை ஏளனமாகச் சொல்லவில்லை. ஏர் பிடித்து வாழ்ந்த நம் குடும்பங்களும் கொழுமுனையில் மடியும் உயிர்களை அறிந்தே உழுதன. ஆயினும் உழுபவன் புழுவைத் தேடி உழுவதில்லை. வேட்டைக் கப்பலோ ஐம்பொறியும் மனமும் உடைய ஓர் உயிரைத் தேடியே மூன்று நான்கு ஆண்டுகள் கடலில் அலைந்தது. ஆரம்ப இம்சை, சங்கல்ப இம்சை என்று நம் பெரியோர் பிரித்து வைத்தது இவ்வேறுபாடு கருதித்தான்.

இனிக் கயிற்று வேலைக்கு வருவோம். முதலில் கட்டுபவை நிலைக்கயிறுகள். பாய்மரத்தை இருமருங்கும் இழுத்து நிறுத்துபவை. மெய்யான கப்பலில் அவற்றுக்குத் தார் பூசுவர். ஆதலால் சிற்றுருவில் கருநூல். ஒரு பக்கத்தை முற்றக் கட்டிவிட்டு மறுபக்கம் வந்தால் மரம் சாய்ந்துவிடும். வலம் ஓர் இணை, இடம் ஓர் இணை என மாற்றி மாற்றிக் கட்டுதல் வேண்டும். ஒவ்வொரு கயிற்றின் அடியிலும் மும்மூன்று துளையுடைய இரண்டு மரவட்டுகள். அவற்றினூடே சிறுகயிறு கோத்து இறுக்கத்தைச் சரிசெய்வர். பின்னர், மாலுமிகள் ஏறும் ஏணிப்படிகளாகக் குறுக்கே மெல்லிய நூல். அதில் நூற்றுக்கணக்கான முடிச்சுகள். அளவோ 64-இல் ஒரு பங்கு. ஆறடி மனிதன் ஓர் அங்குலத்துக்குச் சற்றே மிகுவான். ஆசிரியப் பயிற்சியில் தக்ளி சுழற்றி நூல் நூற்ற தலைமுறையைச் சேர்ந்தவள் ஆதலால், அம்முடிச்சுகள் கேட்கும் பொறுமை எனக்கு விளங்குகிறது. (நூலின் சிலும்பு அடங்குவதற்கு அதனைத் தேன்மெழுகில் இழுப்பது அவர்கள் வழக்கம். தேனை விலக்கும் நாம் அதனையும் விலக்கலாம். கனிம மெழுகும் அப்பணியைச் செய்யும்.)

நிலைக்கயிறுகளுக்குப் பின் ஓடுகயிறுகள். பாய்களையும் குறுக்குமரங்களையும் இயக்குபவை. அவற்றைக் கட்டும்போதுதான் தம்பி மகனின் வினாவுக்கு விடை கிடைக்கிறது. நடுப்பாய்மரத்தின் மேலிருந்து தொங்கும் இரு பெருங்கப்பிகள் பாய்க்கு உரியன அல்ல. கப்பலின் வலப்புறத்தே கட்டிய திமிங்கலத்தின் கொழுப்பை அகன்ற பட்டைகளாக உரித்து மேலே இழுக்க அவை உதவின. முன்பாய்மரத்துக்குப் பின்னே செங்கல்லால் கட்டிய உலை. அதில் இரண்டு இரும்புக் கொப்பரைகள். கொழுப்பைக் காய்ச்சி எண்ணெய் எடுத்தபின் எஞ்சிய சக்கையையே அவ்வுலைக்கு விறகாக இட்டனர். அவ்வுயிரின் உடலே அதனைக் காய்ச்சும் நெருப்புமாயிற்று. உலையை நீக்கிவிட்டாலும் கப்பிகள் நிற்கும்; கப்பிகளை நீக்கினாலும் வேட்டைப் படகுகள் தொங்கும். அவை அனைத்தையும் நீக்கினால் மிஞ்சுவது வேறொரு கப்பல். ‘மார்கன்’ என்ற பெயர் அதற்குப் பொய்ப்பெயராகும். கொல்லாமைக்காகப் பொய்யாமையை விடலாகாது.

“வெறும் மரந்தானே” என்பாரும் உளர். யசோதர காவியம் அறிந்த நாம் அவ்வாறு எளிதில் கூறிவிட முடியாது. தாய் சந்திரமதியின் வற்புறுத்தலால் யசோதர மன்னன் பலியிட்டது மாவினால் செய்த கோழியையே. ஆயினும் அவ்விருவரும் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர். உயிரற்ற உருவை வெட்டியபோதும் உள்ளத்தில் கொலை எண்ணம் இருந்தது. அதுவே பாவ இம்சை. இக்கதையைக் கப்பல் கட்டுதலுக்கு எதிராகக் காட்டுவோர், அதன் அளவுகோல் எண்ணமே என்பதை மறந்துவிடக் கூடாது. நூலில் முடிச்சிடுபவன் உள்ளத்தில் வேட்டை விருப்பம் இல்லை. கைத்திறனில் ஈடுபாடு உண்டு, பழந்தொழிலை அறியும் ஆர்வம் உண்டு. ஆகவே கட்டுவதில் குற்றம் காணேன்.

காட்சிக்கு வைப்பது வேறொரு செயல். அங்கே நம் எண்ணம் மட்டும் போதாது. காண்பவர் உள்ளத்தில் என்ன எழுகிறது என்பதற்கும் நாம் பொறுப்பாகிறோம். விரிந்த பாயும் மின்னும் கயிறும் கண்டு, “எத்துணை வீரம்!” என்று ஒரு குழந்தை வியந்தால், அதனை அப்படியே விட்டுவிடலாகாது. வணிகத் திமிங்கல வேட்டையை நிறுத்திவைக்க அனைத்துலகத் திமிங்கல ஆணையம் 1982-இல் முடிவெடுத்தது. அத்தடை 1986 முதல் நடைமுறைக்கு வந்தது. பழுதுபார்க்கப்பட்ட மார்கன் 2014-இல் தன் 38-ஆம் பயணத்தில், திமிங்கலங்களின் காப்பிடமான ஸ்டெல்வேகன் கடற்பகுதிக்கு வேட்டை நோக்கமின்றிச் சென்று அவற்றைக் கண்டு திரும்பியது. பேழையின் அடியில் ஒரு பலகை பொருத்தி இவற்றையெல்லாம் தமிழில் எழுதுமாறு சொல்லியிருக்கிறேன். கப்பலின் பெயர், ஆண்டு, அது செய்த தொழில்; ‘வேட்டை’ என்ற சொல்லை மறைக்காமல்.

இன்னும் ஒன்று. சிற்றுருவைச் சுவரோரம் வைத்தால் ஒரு பக்கமே தெரியும். இத்தகைய கப்பல்களின் இடப்புறத்தில் மூன்று படகுகள் வரிசையாகத் தொங்குவது வழக்கம். அழகான பக்கம் அதுவே. வலப்புறத்தின் நடுவிலோ படகு இராது. திமிங்கலத்தை அறுத்த இடம் அது. பெரும்பாலோர் படகுகள் தெரியும்படியே வைக்க விரும்புவர். கூடத்தில் இடம் இருந்தால், சுற்றி வந்து பார்க்கும்படி நடுமேசையில் வைக்கச் சொன்னேன். இடம் இல்லையேல் வலப்புறம் அறையை நோக்கி இருக்கட்டும்.