பிரித்துப் போட ஒரு வண்டி

மலேசியாவில் எங்கள் பெக்கோக் பக்கம் தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழா என்றால், சிறப்பு விருந்தினர் உரைக்குள் ஜி.டி. நாயுடு எப்படியும் வந்துவிடுவார். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர், பிற்பாடு 'இந்தியாவின் எடிசன்' ஆனார், ஆகவே மாணவச் செல்வங்களே, மனமிருந்தால் மார்க்கமுண்டு. கைத்தட்டல். அப்புறம் ஆளுக்கொரு மீஹூன் பொட்டலம்.

நானும் கைதட்டியவன்தான். ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. மனம் மட்டும் போதுமென்றால் இந்த ஜொகூர் தோட்டங்களில் எத்தனை நாயுடுகள் எழும்பியிருக்க வேண்டும்? மூன்றாம் வகுப்போடு நின்றவர்களுக்கு இங்கே என்றைக்குப் பஞ்சம் இருந்தது?

1923-இல் வந்த தொழிலாளர் சட்டம், மலாயாக் கூட்டு மாநிலங்களின் தோட்டங்களில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும் என்றது. ஜொகூர் அந்தக் கூட்டில் சேராத மாநிலம். இருந்தாலும் இங்கேயும் ஏறக்குறைய அதே கதைதான். ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை. பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். அம்மாவுக்கு ஒட்டுப்பால் எடுத்துக் கொடுக்கப் போன பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கு வராது.

லாபிசுக்கும் பாலோவுக்கும் நடுவே ரயில் நின்று போகும் சிற்றூர் எங்கள் பெக்கோக். சுற்றிலும் அப்போது ரப்பர், இப்போது செம்பனை. நான் வளர்ந்த தோட்டத்தில் இஞ்சின்காரர் ஒருவர் இருந்தார். ஸ்டோருக்கும் லயத்துக்கும் கரண்டு கொடுத்த டீசல் இஞ்சின் அவர் பொறுப்பு. படிப்பு மூன்றாவது. சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் அடைப்பு என்று சொல்லிவிடுவார். வெளியூரிலிருந்து வந்த மெக்கானிக் அரைநாள் தேடிக் கண்டுபிடித்ததை, இவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே முன்னாடியே சொல்லியிருப்பார். ஒருமுறை அவருக்கு ஒரு யோசனை வந்தது. புகைக்குழாயின் சூடு வீணாய்த்தானே போகிறது, அதைச் சுற்றித் தண்ணீர்க் குழாயை ஓட்டினால் ஆயாக்கொட்டகைப் பிள்ளைகளுக்குக் குளிக்க வெந்நீர் கிடைக்குமே என்று. பழைய குழாயை வளைத்து எடுத்துக்கொண்டு போனார். "கம்பெனி சாமான்ல கைய வைக்காத" என்று பதில் வந்தது. குழாய் ஸ்டோருக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இனி நாயுடுவுக்கு வருவோம். 1893-இல் கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் பிறந்தவர். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. ஊர்ப்பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தபின் வேறெதுவும் பிடிக்கவில்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் பரிமாறிப் பணம் சேர்த்து, முந்நூறு ரூபாய்க்கு அதே போல ஒரு வண்டியை வாங்கினார் என்பார்கள். விழா மேடையில் இதுவரை சரியாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. வாங்கிய வண்டியை அக்கக்காகப் பிரித்துப் போட்டார். திரும்ப மாட்டினார். பிரிக்காதே என்று சொல்ல யாருக்கும் பாத்தியதை இல்லை, ஏனென்றால் வண்டி அவருடையது. மாட்டத் தெரியாமல் போயிருந்தாலும் போவது அவர் பணம்தான்.

பிறகு பருத்தியில் சம்பாதித்தார், பம்பாய்ப் பருத்திச் சந்தையில் அதை விட்டார். ஊர் திரும்பியவருக்குக் கைகொடுத்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்கார வியாபாரி. அந்தத் துணையோடு வந்ததுதான் 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் ஓடிய பேருந்து, ஓட்டுநரும் நாயுடுவே. அந்த ஒற்றை வண்டி யு.எம்.எஸ். என்ற பெரிய பேருந்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டார், சின்ன மோட்டாரில் ஓடும் சவரக் கருவி, 1952-இல் இரண்டாயிரம் ரூபாய்க்கு இருவர் உட்காரும் கார் என்று பட்டியல் நீளும். அந்தக் காருக்கு அரசாங்கம் உரிமம் தரவில்லை.

எங்கள் இஞ்சின்காரருக்கும் இவருக்கும் மூளையில் எவ்வளவு வித்தியாசம் என்று என்னால் சொல்ல முடியாது. இஞ்சின் யாருடையது என்பதில் உள்ள வித்தியாசம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. பள்ளி இல்லாமல் கற்கிறவனுக்கு வாத்தியார் அவன் செய்கிற தப்புதான். அந்தத் தப்பைச் செய்ய அவனுக்கு ஒரு பொருள் வேண்டும், அது கெட்டால் சோற்றில் மண் விழாத நிலைமையும் வேண்டும். கூலிக்காரன் கையிலிருக்கிற இஞ்சின் ஓடத்தான் வேண்டும். ஒருநாள் நின்றால் வேலை போய்விடும்.

ராமானுஜனைப் பாருங்கள். கல்லூரித் தேர்வில் தோற்ற பையன், காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் போட்டார், முழங்கையால் அழித்தார், மறுபடி போட்டார். கணக்கைக் கெடுத்துப் பார்க்க ஒரு சிலேட்டு போதும் என்பது கணிதத்தின் பெருந்தன்மை. எந்திரம் அப்படி இரங்காது, தொட்டுப் பார்க்க யாராவது இடம் கொடுக்க வேண்டும். லண்டனில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்ற மைக்கேல் ஃபாரடேக்கு முதலாளி, பைண்டுக்கு வந்த நூல்களைப் படிக்கவும் சின்னச் சோதனைகள் செய்யவும் இடம் கொடுத்தார். 1812-இல் வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியின் உரைகளுக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தது அந்தக் கடையின் வாடிக்கையாளர் ஒருவர். அப்போதும் கணக்கு அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அவர் கண்ட விசைக்கோடுகளைச் சமன்பாடாக எழுத மேக்ஸ்வெல் பிறக்க வேண்டியிருந்தது. பள்ளி இல்லாததற்கு அவ்வளவு பெரியவரும் விலை கொடுத்தார் என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

நாயுடுவே அதைச் சொல்லியிருக்கமாட்டார். 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய பொறியியல் கல்லூரிக்கு முதல்வராக அமர்ந்தவர் அவர், மூன்றாம் வகுப்புக்காரர்! பிறகு விலகினார். நான்கு ஆண்டுப் படிப்பு வீண், இரண்டு ஆண்டே அதிகம் என்பது அவர் கட்சி. எனக்கு இதில் பாதிதான் சம்மதம். தன்னைப் போல் விடிய விடியக் கழற்றி மாட்டுகிறவனுக்கு இரண்டாண்டு போதும். கழற்ற எதுவுமே கிடைக்காத வீட்டுப் பிள்ளைக்கு, கல்லூரிப் பட்டறை ஒன்றுதான் நாலு வருடம் திட்டு வாங்காமல் பொருளைக் கெடுக்கக் கூடிய இடம். அதைச் சுருக்கினால் அவனுக்குத்தான் நட்டம்.

இப்போது யூடியூப் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, காட்டவும் செய்கிறது. ஆனால் போல்ட்டை முறுக்கி மரை தேயும்போது கை உணருகிற அந்த வழுக்கல் திரையில் வராது. லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த நம் வீடுகளில் சாமான் நிறைய இருக்கிறது. பெரும்பாலும் தவணையில் வாங்கியவை, ஆகவே தொடாதே.

தங்கை மகனுக்கு அடுத்த வருடம் எஸ்.பி.எம். தேர்வு. என்னுடைய பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளைக் கேட்டு வந்தான். "பிரிச்சா மாட்டத் தெரியுமாடா?" என்றேன். "தெரியாது மாமா" என்றான். கொடுத்துவிட்டேன். மூன்று வாரமாகத் தங்கை வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் சாக்கு விரித்துப் பரப்பிக் கிடக்கிறது, கார் வெளியே வெயிலில் நிற்கிறது. கார்புரேட்டரை மட்டும் இரண்டு தரம் மாட்டியிருக்கிறான், இரண்டு தரமும் பெட்ரோல் ஒழுகியிருக்கிறது. தங்கை என்னோடு பேசுவதில்லை.